தலைமடையும் பவளத்திட்டும்

கடைமடை விவசாயிக்கு எப்போதும் ஒரு கண் தலைமடைமேல் இருக்கும். அங்கே மடையைத் திறப்பவர் கையில்தான் இவருடைய விளைச்சல் இருக்கிறது. கரையோரப் பவளத்திட்டும் ஆற்றின் கடைமடைதான். வயல் தண்ணீர் வராமல் காய்கிறது; பவளமோ வந்து சேரும் மண்ணால் மூச்சடைத்துச் சாகிறது. மலைச்சரிவில் காட்டை வெட்டினாலும், கரும்புக்கு உரத்தை அள்ளிக் கொட்டினாலும், ஊர்க் கழிவை ஓடையில் விட்டாலும் அதன் விளைவு கடைசியில் கடலடியில் தெரிகிறது.

கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் ஒரு கருத்து வலுப்பெற்றுவந்திருக்கிறது. கரையோர வளங்களைக் காக்க ஏற்றவர்கள் அவற்றை நம்பி வாழும் ஊர்மக்களே. அரசும் அறிவியலும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அந்தக் கருத்து. ‘சமூக அடிப்படையிலான இயற்கை வள மேலாண்மை’ என்று திட்ட அறிக்கைகள் இதைச் சொல்கின்றன. மக்கள் காவல் என்று நாம் சுருக்கிக்கொள்ளலாம்.

இந்தக் காவல் எங்கே பலித்தது, எங்கே தடுமாறியது, ஏன்? அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கடலில் மக்கள் காவல் தன்னை நிரூபித்துவிட்டது. மலையில் இன்னும் நிரூபிக்கவில்லை. அதற்குக் காரணம் மக்களின் அக்கறைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. நிலத்தைக் கெடுப்பவரும் கடலில் இழப்பவரும் ஒரே ஊர்க்கூட்டத்தில் உட்காராததே காரணம்.

மண் செய்யும் கேடு

பவளம் என்பது சிறு உயிர்களின் குடியிருப்பு. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. சூரிய ஒளியில் அவை சமைக்கும் உணவுதான் பவள உயிரியின் முதன்மையான ஆகாரம். ஆற்றிலிருந்து வரும் வண்டல் நீரைக் கலக்கி ஒளியை மறைக்கிறது. மேலே படியும் மண்ணைத் தள்ளிவிட உயிரி தன் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. இளம் பவளங்கள் ஒட்டிப் பிடிக்கக் கெட்டியான, சுத்தமான பாறைப்பரப்பு வேண்டும். சேறு படிந்த இடத்தில் அவை வேர்கொள்வதில்லை. வண்டலோடு வரும் உரச்சத்து கடற்பாசிகளுக்கு விருந்தாகிறது. பாசியை மேய்ந்து கட்டுப்படுத்தும் கிளிமீன்களையும் பிடித்துத் தீர்த்துவிட்டால் பவளத்திட்டு சில ஆண்டுகளில் பாசிமேடாக மாறிவிடும். ஆக, பவளத்துக்கு மலையிலிருந்து ஓர் அடி, வலையிலிருந்து ஓர் அடி.

இதற்குப் பவளமே சாட்சி வைத்திருக்கிறது. மரத்தைப் போலவே பவளத்திலும் ஆண்டு வளையங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பகுதியில், பர்டெகின் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பாலுள்ள பழைய பவளங்களைத் துளைத்து ஆராய்ந்தவர்கள் 2003இல் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பியர் அங்கே குடியேறி ஆடுமாடு மேய்க்கத் தொடங்கிய 1870ஐ ஒட்டிய காலத்திலிருந்து, ஆறு கொண்டுவரும் வண்டல் ஐந்து முதல் பத்து மடங்கு பெருகியிருந்தது.

பொருளாதாரக் கணக்கும் பழையதுதான். பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் பகுயிட் விரிகுடாவுக்கு மேலே மரம் வெட்டும் நிறுவனம், கீழே மீனவர்களும் சுற்றுலா விடுதிகளும். கிரெகர் ஹாட்ஜ்சன், ஜான் டிக்சன் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பத்தாண்டுக் காலத்தில் மரம் வெட்டுவதை நிறுத்தினால் மூன்று தொழில்களின் மொத்த வருமானம் 4 கோடி டாலருக்கு மேல் கூடும் என்று கணித்தது. வெட்டுபவருக்குக் கிடைக்கும் லாபத்தைவிடக் கடலில் மற்றவர்கள் அடையும் நஷ்டம் பெரிது. ஆனால் லாபம் ஒருவர் கைக்கும் நஷ்டம் வேறொருவர் தலைக்கும் போகும்வரை கணக்கு மட்டும் கோடரியை நிறுத்துவதில்லை.

கடலில் பலித்த காவல்

பொதுச்சொத்து என்றால் எல்லோரும் அள்ளித் தீர்த்துவிடுவார்கள் என்ற வாதத்தை காரெட் ஹார்டின் 1968இல் முன்வைத்தார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல் அதை மறுத்தது. எல்லை தெளிவாக இருந்து, விதியைப் பயன்படுத்துபவரே வகுத்து, கண்காணிப்பும் படிப்படியான தண்டனையும் இருந்தால் ஊர்மக்கள் பொதுவளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பார்கள் என்று உலகெங்கும் இருந்து சான்று திரட்டிக் காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பசிபிக் தீவுகளில் இது ஏட்டுப் படிப்பு அல்ல, வழக்கம். இன்ன திட்டில் இன்ன காலம் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர்த்தலைவர் தடை போடுவதும், தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியை மூடிவைப்பதும் அங்கே நெடுங்கால மரபு. அம்மரபுகளைப் பதிவுசெய்த ராபர்ட் ஜொஹானஸ் 1978இல் அவற்றின் அழிவைப் பற்றி எழுதினார். அவரே 2002இல் அவற்றின் மறுமலர்ச்சியைப் பற்றி எழுதினார். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மீன் குறைந்ததைக் கண்ட ஊர்கள் பழைய தடையைத் தாமே மீட்டெடுத்திருந்தன.

ஃபிஜியின் வெராட்டா பகுதியிலுள்ள உதுனிவனுவா இதற்குப் பேர்போன ஊர். அங்கே பெண்கள் சேற்றுத்திட்டில் சேகரிக்கும் கைகோசோ என்ற சிப்பி அருகிவந்தது. 1997இல் ஊர்மக்கள் 24 ஹெக்டேர் திட்டை மூடினார்கள். தென்பசிபிக் பல்கலைக்கழகம் எண்ணும் முறையைக் கற்றுக்கொடுத்தது; எண்ணியவர்கள் ஊர்மக்களே. 2004 வாக்கில் மூடிய பகுதியில் சிப்பி 13 மடங்கும், அதை ஒட்டிய திறந்த பகுதியில் 5 மடங்கும் பெருகியிருந்தது. செய்தி ஊர் ஊராகப் பரவியது. ஊர்களால் நிர்வகிக்கப்படும் கடற்பகுதிகளின் வலையமைப்பு 2000ஐ ஒட்டி உருவாகி ஃபிஜி முழுக்க விரிந்தது.

பிலிப்பைன்ஸின் அப்போ தீவிலும் இதே கதை. சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஆங்கெல் அல்காலா வழிகாட்ட, தீவு மக்கள் 1982இல் கரையின் ஒரு துண்டை மூடினார்கள். மீன் பெருகி, மூடிய எல்லைக்கு வெளியேயும் பிடிபட்டது. நாட்டின் நூற்றுக்கணக்கான கரையோர ஊர்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. அதே அல்காலா 1974இல் சுமிலோன் தீவில் தொடங்கிய காப்பகம், உள்ளூர் அதிகாரம் கைமாறியதும் 1980களில் திறந்துவிடப்பட்டு, சேர்ந்த மீனெல்லாம் வாரப்பட்டது. அப்போவில் ஊர் காத்தது. சுமிலோனில் உத்தரவு காத்தது. உத்தரவு போனதும் காவலும் போனது. 1991இல் பிலிப்பைன்ஸ் உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் கடலை நகராட்சிகளின் பொறுப்பில் விட்டது.

இந்த வெற்றிகளைப் பேசும்போது ஒரு விஷயம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அப்போ தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை; அங்கே ஆறு கிடையாது. சுமிலோன் அதைவிடச் சிறியது. அதாவது, அவற்றுக்குத் தலைமடையே இல்லை. மீனைப் பிடிப்பவரும் மீனை இழப்பவரும் ஒரே ஆட்கள். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஊர் முடிவெடுத்தால் போதும். பெரிய தீவுகளிலும் கண்டக் கரைகளிலும் நிலைமை அப்படி இல்லை.

மலை ஏறும்போது

ஃபிஜியின் வனுவா லெவு தீவில் கும்புலாவ் என்றொரு மாவட்டம். பத்து ஊர்கள், அவற்றின் பாரம்பரிய மீன்பிடிக் கடல் சுமார் 260 சதுர கிலோமீட்டர். கோலிங்கோலி என்று ஃபிஜி மக்கள் அழைக்கும் இத்தகைய கடற்பகுதிகளில் கடலடி அரசுக்குச் சொந்தம், மீன்பிடி உரிமை குலங்களுக்குச் சொந்தம். கும்புலாவ் மக்கள் 1997இல் நமெனா திட்டை மூடினார்கள். முக்குளிக்க வரும் சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கி, ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 2009இல் மலையுச்சி முதல் பவளத்திட்டு வரை ஒரே திட்டமாக எழுதினார்கள். ஆற்றங்கரை மரங்களை வெட்டக் கூடாது, சரிவில் தீ வைக்கக் கூடாது போன்ற விதிகளும் அதில் சேர்ந்தன. ஃபிஜியில் இவ்வகையில் அதுவே முதல் திட்டம்.

அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. கும்புலாவில் மலையும் கடலும் ஒரே குலங்களின் கையில். மேலே வெட்டுவதும் கீழே இழப்பதும் ஒரே கூட்டத்தின் விவகாரம்.

ஃபிஜியின் கரும்புப் பட்டைக்குப் போனால் இந்தப் பொருத்தம் உடைகிறது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியினர் இன்றும் கரும்பு பயிரிடுகிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி பழங்குடி ஃபிஜியருக்குச் சொந்தம்; 1976 சட்டத்தின்படி குத்தகைக் காலம் 30 ஆண்டுகள். 1997 முதல் குத்தகைகள் முடிவுக்கு வரத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. கடலில் இவர்களுக்குப் பாரம்பரிய மீன்பிடி உரிமையும் இல்லை. சரிவில் மண் அரிக்காமல் வரப்புக்கு வேலி நட்டால் பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். குத்தகை நீடிக்குமா என்று தெரியாதவர் எதை நம்பி நடுவார்? கீழே மீன் பெருகினால் அதில் அவருக்குப் பங்கு என்ன?

இத்தனைக்கும் வழி தெரியாமல் இல்லை. 1950களில் ஃபிஜியின் கரும்புச் சரிவுகளில் ஜான் கிரீன்ஃபீல்டு என்ற வேளாண் வல்லுநர் சமஉயரக் கோடுகளில் வெட்டிவேரை வரிசையாக நட்டு மண்ணரிப்பைத் தடுத்தார். நமக்கு வாசனைக்கும் மண்பானைத் தண்ணீருக்கும் தெரிந்த அதே வெட்டிவேர். பின்னாளில் உலக வங்கி பல நாடுகளில் பரப்பிய முறைக்கு அந்தச் சரிவுகளே முன்மாதிரி. தொழில்நுட்பம் எழுபது ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. அதை நட்டுப் பராமரிக்க உழவருக்குக் காரணம் வேண்டும்.

மைக்ரோனேசியாவின் போன்பே தீவு வேறொரு பாடம் தருகிறது. உலகின் மிக அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. சகாவ் என்ற பானத்துக்கான செடிக்குச் சந்தை பெருகியதும் மக்கள் மலைக்காட்டை வெட்டி அதைப் பயிரிட்டார்கள். 1975இல் தீவின் 42 சதவீதமாக இருந்த அசல் காடு 1995இல் 15 சதவீதமாகச் சுருங்கியது. அரசு 1987இலேயே மலைக்காட்டையும் அலையாத்திக்காட்டையும் காக்கச் சட்டம் போட்டிருந்தது. ஆனால் எல்லை அளக்கப் போன அதிகாரிகளை ஊர்மக்கள் கத்தியோடும் துப்பாக்கியோடும் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். தங்களைக் கேட்காமல் போட்ட கோட்டை அவர்கள் ஏற்கவில்லை. பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் பாரம்பரியத் தலைவர்களோடும் ஊர்களோடும் உட்கார்ந்து பேசின. சகாவ் பயிரிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மலையில் வேண்டாம், தாழ்நிலத்தில் பயிரிடுங்கள் என்றார்கள். பிழைப்பைப் பறிக்காத கோரிக்கை காதில் விழுந்தது.

தலைமடைக்கும் பலன் இருந்தால்

மலைக்காவல் பலித்த இடங்களில் ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. மேலே இருப்பவருக்கும் நேரடியாக ஏதோ கிடைத்திருக்கிறது.

பலாவ் நாட்டின் பெரிய தீவான பாபெல்டாப்பைச் சுற்றி 85 கிலோமீட்டர் சாலை 2007இல் முடிந்தது. சாலைக்காக வெட்டிய செம்மண் மழையில் கரைந்து விரிகுடாக்களுக்கு இறங்கியது. பலாவ் பன்னாட்டுப் பவள ஆய்வு மையத்தினர் அளந்து பார்த்தபோது, ஆறு கொண்டுவரும் வண்டலில் சுமார் 30 சதவீதத்தை அலையாத்திக்காடுகள் பிடித்து நிறுத்துவது தெரிந்தது. இந்த ஆய்வை அவர்கள் அயிராய் மாநில மக்களிடமும் தலைவர்களிடமும் உள்ளூர் மொழியிலேயே விளக்கினார்கள். அலையாத்திக்காட்டை வெட்டக் கூடாது என்று மாநிலமே தடை போட்டது. 2013இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. பலாவ் பெண்கள் தாழ்நிலச் சேற்றில் வளர்க்கும் சேம்பு வயல்கள், அவற்றுக்குள் நுழையும் வண்டலில் சுமார் 90 சதவீதத்தைத் தேக்கிவைத்தன. சோற்றுக்காகச் செய்த விவசாயம் பவளத்தையும் காத்துக்கொண்டிருந்தது. அத்தகைய வயல் தரிசானால் உணவும் போகும், வடிகட்டியும் போகும்.

பணத்துக்கும் பலாவ் ஒரு வழி கண்டது. 2003இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் வலையமைப்புக்குச் சட்டம் இயற்றி, நிலப்பகுதிகளையும் அதில் சேர்த்தது. 2009 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் 15 டாலர் பசுமைக் கட்டணம் வசூலித்து மாநிலங்களுக்குக் கொடுத்தது. திட்டம் முடிந்ததும் பணம் வற்றும் நிலை அதனால் குறைந்தது.

ஃபிஜியில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. அது மருத்துவமனை வழியாக. மண்ணரிப்பு மிகுந்த ஆற்றுப்படுகைகளில் டைஃபாய்டும் அதிகம் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. சரிவைக் கெடுக்கும் அதே காரணங்கள் குடிநீரையும் கெடுக்கின்றன. அதை அடிப்படையாகக் கொண்டு ஆற்றுப்படுகைச் சீரமைப்பையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துச் செய்யும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. பவளத்தைக் காப்பாற்ற ஓடைக்கரையில் மரம் நடுங்கள் என்றால் மலையூர்க்காரர் தலையாட்டிவிட்டுப் போகலாம். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமலிருக்க நடுங்கள் என்றால் நிற்பார்.

எல்லாவற்றையும் மக்களின் நல்லெண்ணத்திடம் விட்டுவிட முடியாது என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. பெரும் பவளத்திட்டுக்கு வடியும் நிலப்பரப்பு 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். 2003இல் தொடங்கிய நீர்த்தரத் திட்டம் முதலில் உழவரின் விருப்பத்தை நம்பியது. ஊர்தோறும் நிலப்பராமரிப்புக் குழுக்கள் உழைத்தன, மானியமும் வழங்கப்பட்டது. ஆனாலும் இலக்கு தூரத்திலேயே நின்றது. 2009இல் குயின்ஸ்லாந்து அரசு உரப் பயன்பாட்டுக்குச் சட்ட விதி கொண்டுவந்து, 2019இல் அதை இறுக்கியது. ஊர்க்கூட்டம் ஒரு விரிகுடாவுக்குப் போதும். ஒரு மாநில அளவு நிலத்துக்குச் சட்டமும் வேண்டும்.

காவலின் ஓட்டைகள்

மக்கள் காவலைப் புகழ்பவர்கள் அதன் குறைகளை மறைக்கக் கூடாது. ஊர் என்று சொல்லும்போது யாருடைய ஊர் என்று கேட்க வேண்டும். ஃபிஜியில் கரையோரச் சேற்றில் சிப்பி பொறுக்குபவர்கள் பெண்கள். தடை போடும் சபையில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தடையின் சுமை ஒரு பக்கமும் முடிவெடுக்கும் அதிகாரம் மறுபக்கமும் போய்விடுகின்றன. தலைவர் ஒப்புக்கொண்டால் ஊரே ஒப்புக்கொண்டதாகத் திட்ட அறிக்கை எழுதிக்கொள்கிறது.

தடையைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு. 2008இல் ஃபிஜியின் கியா தீவில் நிதி திரட்டுவதற்காக மூடிய பகுதியைச் சில வாரங்கள் திறந்தார்கள். பல ஆண்டுகள் சேர்ந்த மீன் அந்தச் சில வாரங்களில் கரைந்தது. பிறகு எளிதில் மீளவில்லை. மரபில் திறப்பு ஒரு விருந்துக்கானது. இன்று பனிக்கட்டிப் பெட்டியும் சந்தையும் இருப்பதால் விருந்துக்கு எல்லை இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஐயம் கடலின் சூடு. நீர் சூடேறினால் பவளம் தன் பாசியை உமிழ்ந்து வெளுக்கிறது. எந்த ஊர்க்கூட்டமும் கடல்வெப்பத்துக்குத் தடை போட முடியாது. அப்போ தீவின் காப்பகத்தையே 2011, 2012 புயல்கள் சிதைத்துப்போட்டன. அப்படியானால் உள்ளூர் உழைப்பு வீணா? ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் இருபதாண்டுத் தரவுகளை வைத்து 2023இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நிலத்திலிருந்து வரும் கழிவையும் கடலில் மீன்பிடி அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்தால், வெப்ப அலைக்கு நான்கு ஆண்டுகள் கழித்துத் திட்டில் பவளம் வளமாக இருக்கும் வாய்ப்பு, ஒன்றை மட்டும் குறைப்பதைவிட மூன்று முதல் ஆறு மடங்கு கூடுகிறது. உலகம் வெப்பத்தைக் குறைக்காவிட்டால் இந்த மீட்சியும் தேயும். ஆனால் நிலத்தைச் சரிசெய்த கரைக்கே அவகாசம் கிடைக்கிறது.

மன்னார் வளைகுடாவின் நிலை

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி நமக்கும் பவளத்திட்டுகள் உண்டு. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நடந்த பவள அகழ்வு, 2001இல் பவளம் வனஉயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகு அடங்கியது. சட்டம் இங்கே வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் தலைமுறைகளாகத் தீவோரம் மரிக்கொழுந்து பாசி எடுத்துவந்த மீனவப் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள்தான் பாசி எடுப்பது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் நிறுத்துவது என்று தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவருக்கு 2015இல் பன்னாட்டு அளவில் சீகாலஜி விருது கிடைத்தது. உலகம் பாராட்டிய காவலை உள்ளூர்ச் சட்டம் அத்துமீறலாகப் பார்க்கிறது. தலைமடைப் பக்கமோ கவனிப்பார் குறைவு. தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளின் பவளத்தை நகரக் கழிவும் வண்டலும் வருத்துகின்றன. தீவைச் சுற்றிக் காவல் படகு ஓடுகிறது. சாக்கடை வாய்க்காலின் வாயில் யாரும் நிற்பதில்லை.

என்ன செய்ய வேண்டும்

இந்த அனுபவங்கள் மூன்று முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன. முதலாவது, உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை இல்லாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் மக்கள் கூலியில்லாக் காவலாளிகள் ஆகிவிடுவார்கள். இரண்டாவது, மலையூரும் கரையூரும், குத்தகை உழவரும் நில உரிமையாளரும், ஆணும் பெண்ணும் உட்காரும் ஒரே அவை ஒவ்வோர் ஆற்றுப்படுகைக்கும் வேண்டும். அங்கே மேலே இருப்பவருக்கு உறுதியான குத்தகையோ, சுத்தமான குடிநீரோ, வளமான மண்ணோ கிடைக்கும்படி பேரம் நடக்க வேண்டும். மூன்றாவது, அந்த அவையால் எட்ட முடியாத பெருந்தோட்டத்தையும் நகராட்சியையும் சாலை ஒப்பந்ததாரரையும் அரசின் சட்டம் எட்ட வேண்டும்.

பவளத்திட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு இன்று கடலிலேயே செலவாகிறது: பவள நாற்று நடுவது, மிதவை போடுவது, காவல் படகு வாங்குவது. அவை தேவைதான். ஆனால் சேறு கலங்கிய நீரில் நட்ட நாற்று பிழைக்காது. அடுத்த பவளத் திட்டம் எழுதுபவர்கள் முதல் தொகையை மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் கழிவுநீர்க் குழாயிலும் போடட்டும். கடல் அதற்கு அடுத்து வரட்டும்.